நாங்கள் இழுத்துவந்த கொடி

பொய். அந்தப் பேனரில் போட்டிருப்பது பச்சைப் பொய்.

இந்தக் காணும் பொங்கலுக்கு நம் ஊரில் கட்டியிருந்த பேனரை யாரோ படம் எடுத்து நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். "நமது ஊர் வரலாற்றில் முதன்முறையாக மகளிர் கயிறு இழுக்கும் போட்டி." கீழே வரிசையாக மீசைகள், கைகூப்பிக்கொண்டு. அதற்கு நீங்களும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறீர்கள். ஒருத்தி பூங்கொத்து வேறு அனுப்பியிருக்கிறாள். வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. முட்டிவலித் தைலம், சர்க்கரை மாத்திரை, பேரன் பிறந்தநாள், இதைத் தவிர அந்தக் குழுவில் நாம் எதுவும் பேசுவதில்லை. ஞாபகம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளங்கை போகவில்லையே? திருப்பிப் பாருங்கள். சுண்டுவிரலுக்குக் கீழே வெள்ளையாகக் கோடு இருக்கிறதா? அது ஜோசியக்காரன் பார்க்கிற ரேகை இல்லை. அது கொடி கிழித்தது.

நான் எழுதுகிறேன். படித்துவிட்டு அந்த மீசைகளுக்கு அனுப்புங்கள்.

எங்கள் தெரு கீழ்த் தெரு. ஆண்கள் ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் டேனரி வேலைக்குப் போனார்கள். சாயங்காலம் சைக்கிள் திரும்பும்போது தெருவே தோல் வாசனை அடிக்கும். மேல் தெருவில் நிலம் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். நெல், வேர்க்கடலை. இரண்டு தெருவுக்கும் பேச்சு குறைவு. காணும் பொங்கலன்று மட்டும் ஏரிக்கரை மைதானத்தில் இரண்டு தெரு ஆண்களும் எதிரெதிரே நின்று கயிறு இழுப்பார்கள். பெண்கள் கரைமேல் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டு பார்க்கலாம். சக்கையைத் துப்பலாம். அவ்வளவுதான் நமக்கு விட்டது.

அக்கா அப்போது பத்தாவது படித்தாள். நான் ஆறாவது. அக்காவைப் போல ஒரு கையைத் தெருவில் நான் பார்த்ததில்லை. கிணற்றில் இரண்டு வாளியை ஒரே நேரத்தில் இழுப்பாள். அரைப் பரீட்சை லீவு விட்ட அன்று என்னையும் கூட்டிக்கொண்டு நேராக டீக்கடைக்குப் போனாள். விளையாட்டை எல்லாம் நடத்துகிறவர் டீக்கடைக்காரர்தான். அந்தப் பெரிய தேங்காய் நார்க் கயிறு அவர் கடைப் பரண்மேல் சுருண்டு கிடக்கும்.

"அண்ணா, இந்த வருசம் நாங்களும் இழுக்கறோம்."

"இன்னாத்த?"

"கயிறு."

"கெணத்துல தண்ணி இழுக்கறியே, அது பத்தலையா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா அசையவில்லை.

"அது பத்தாமதான் கேக்கறேன்."

டீக்கடைக்காரர் பால் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "தோ பாரும்மா. பொம்பளைங்க தாண்டின கயிறு ஆம்பளைங்களுக்கு ஆவாது. அறுந்துரும். எங்க தாத்தா காலத்துலேந்து அப்பிடிதான்."

"அப்ப எங்க கயிறு நாங்களே கொண்டாந்தா?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் பாத்திரத்தைத் திரும்ப எடுத்தார். "கொண்டா. ஆம்பளைங்க ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு வாட்டி உடறேன். ஒழுங்கா நடந்தா மேற்கொண்டு பாக்கலாம். சொதப்பிட்டீங்கன்னா அத்தோட இந்தப் பேச்ச எடுக்கவே கூடாது. இன்னா?"

"சரி," என்றாள் அக்கா.

வெளியே வந்ததும் அக்காவின் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். கயிற்றுக்கு எங்கே போவது? கிணற்றுக் கயிறு இரண்டு இழுப்புக்குத் தாங்காது. வேலூர் லாங் பஜாரில் தடிக்கயிறு விற்கிறது என்றார்கள். வேலூர் வரை நம்மை யார் விட்டார்கள்?

அக்கா செய்த அடுத்த காரியம் இன்னும் பெரிது. மேல் தெரு வாத்தியார் மகளிடம் போய்ப் பேசினாள். இரண்டு பேருக்கும் வருஷக்கணக்காகப் பேச்சு கிடையாது. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, நடுவில் பையை வைத்துக்கொண்டு உட்காருவார்கள்.

"நீ உன் தெருல ஆள் சேரு. நான் என் தெருல சேக்கறேன்."

"நாங்க இழுத்தா உங்க தெரு ஏரிக்குள்ள போய் வுழும்," என்றாள் வாத்தியார் மகள்.

"வுழறோம். மொதல்ல கயிறு வேணும்."

வாரா வாரம் மலையிலிருந்து ஒரு அம்மா சீயக்காய் மூட்டையோடு இறங்கிவந்து எங்கள் தெருவில் விற்பாள். சீக்காக்காரம்மா என்போம். கறுப்பாக, கயிறு மாதிரியே முறுக்கின உடம்பு. அவளிடம் அக்கா கேட்டாள், "உங்க மலைல கயிறு மாதிரி கொடி இருக்குமா?"

"மாதிரி இன்னா மாதிரி? கொடியப் பாத்துதான் உங்க ஆளுங்க கயிறு திரிக்கவே கத்துக்கினாங்க."

பேரம் முடிந்தது. ஒரு காலை முழுக்க நாங்கள் அவளுக்குச் சீயக்காய் பறித்துத் தர வேண்டும். அவள் கொடியைக் காட்டுவாள்.

வீட்டில் கீழ்த் தெருப் பிள்ளைகள் சர்ச்சுக்குப் போவதாகச் சொன்னோம். மேல் தெருப் பிள்ளைகள் கோயிலுக்குப் போவதாகச் சொன்னார்கள். ஒரே பஸ்ஸில் ஏறி ஒடுகத்தூரில் இறங்கினோம். மார்கழிப் பனியில் மலை பாதிதான் தெரிந்தது. வேர்க்கடலைக் கொல்லை வரப்பில் நடந்து, ஓடையில் இறங்கி, ஓடை வழியாகவே காட்டுக்குள் ஏறினோம். எனக்குச் சிரிப்பும் நடுக்கமும் ஒன்றாக வந்தது. குளிராலா என்று கேட்டால் இல்லை.

சீயக்காயைச் செடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது கொடி! கட்டைக்கொடி. மரத்தின் மேல் ஏறி, அடுத்த மரத்தில் தாவி, காட்டுக்கே கூரை போட்டிருந்தது. தண்டு முழுக்கப் பின்பக்கம் வளைந்த முள். உள்ளே நுழையும்போது ஒன்றும் செய்யாது. திரும்பும்போது பிடித்துக்கொள்ளும். வாத்தியார் மகளின் சடையைப் பிடித்துக்கொண்டது. இழுத்தாள். பாவாடையையும் பிடித்தது.

"ஏ புள்ள, இழுக்காத! இழுத்தா அதுதான் ஜெயிக்கும். பின்னாடி போய் கழட்டு," என்று கத்தினாள் சீக்காக்காரம்மா. அப்புறம் எங்களைப் பார்த்து, "இதுங்க கயிறு இழுக்கப் போவுதுங்களாம்," என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

காய்த்தூசி மூக்கில் ஏறித் தும்மித் தும்மிப் பறித்தோம். கையெல்லாம் கோடு கோடாக ரத்தம். மூட்டை நிறைந்ததும் அவள் ஓடை மேல்பக்கம் கூட்டிப்போனாள்.

அங்கே பார்த்தேன். அதன் பேர் என்னவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் ஆனைக்கொடி என்றாள். தரையில் அது என் இடுப்பளவு பருமன். இரண்டு பாம்பு சண்டை போடுகிற மாதிரி முறுக்கிக்கொண்டு மேலே போனது. ஒரு மரத்தின் தலையைத் தொட்டு, ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கிற மரத்துக்குப் போய், திரும்பி வந்து, நடுவில் ஊஞ்சல் மாதிரி வளைந்து தொங்கியது. தனக்கென்று நிமிர்ந்து நிற்க ஒரு தூண் கிடையாது. ஆனால் அந்த இடத்தில் எல்லா மரத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது அதுதான்.

கயிறு, போட்டி எல்லாம் மறந்துவிட்டது. அந்த வளைவில் ஏறி ஆடினோம். ஓடைமேல் போய்விட்டு வரும்போது வயிறு தனியாகப் பின்தங்கியது. வாத்தியார் மகள் சருகுக் குவியலில் விழுந்து, எழுந்து, மறுபடியும் வரிசையில் நின்றாள். கீழ்த் தெரு ஆட்டினால் மேல் தெரு ஆடியது. நம் ஊரில் அப்படி நடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அடில யாரும் கை வெக்கக்கூடாது. கைய எடுத்துருவேன்," என்று சொல்லிவிட்டு, சீக்காக்காரம்மா மணிக்கட்டுக் கனத்தில் தொங்கிய ஒரு கிளைக்கொடியைக் கொடுவாளால் வெட்டிக்கொடுத்தாள். வெட்டின வாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. அக்கா வாயை வைத்துக் குடித்தாள். நானும் குடித்தேன். பச்சை மரத்தின் ருசி, ஐஸ் மாதிரி குளிர்ச்சி.

வெட்டினால் விழுந்துவிடுமா? விழவில்லை. மேலே எந்த மரத்தையோ அது கட்டிப்பிடித்திருந்தது. அக்கா முதலில் பிடித்தாள். வாத்தியார் மகள் அவளுக்குப் பின்னால். அப்புறம் எல்லாரும். தெரு பார்க்காமல் கலந்து நின்று இழுத்தோம். "ஐலசா!" காடு எங்களை இழுத்தது. நாங்கள் காட்டை இழுத்தோம். கால் சறுக்கியது. மேலே ஏதோ முறிந்தது. இலை, சுள்ளி, சிவப்பெறும்பு எல்லாம் மழையாகக் கொட்ட, அவ்வளவு நீளக் கொடியும் தலையில் வந்து விழுந்தது. எறும்பு கடித்துக் குதித்துக்கொண்டே கத்தினோம். சந்தோஷத்தில் கத்தினோமா வலியில் கத்தினோமா என்று பிரிக்க முடியாது. நம் முதல் போட்டி அதுதான். காட்டோடு. ஜெயித்தோம்.

பஸ்ஸில் கண்டக்டர் வழிமறித்தார்.

"இன்னாது இது, மலப்பாம்பா?"

"கயிறுண்ணா."

"எந்தத் தேர இழுக்கப் போறீங்க?"

"எங்க ஊர," என்றாள் அக்கா.

அந்த ஆள் நல்லவர். கொடியைக் கூரைமேல் ஏற்றிச் சுருட்டிக் கட்டினார். வால் மட்டும் அடங்காமல் ஜன்னல் பக்கம் தொங்கியது. அது காற்றில் அடிக்காமல் இருக்க, ஆளுக்கு ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே விட்டு வழி நெடுகப் பிடித்துக்கொண்டு வந்தோம். வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நாங்கள் ராணிகள் மாதிரி வந்தோம். இன்றைக்கு ஒரு குச்சி வெட்டினாலும் வனத்துறை கேஸ் போடும். போடட்டும், அதுதான் சரி. அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

வீட்டில் அடி விழும் என்று நினைத்தேன். அம்மா கையை ஓங்கினாள். அப்பா தடுத்தார். அப்பா டேனரியில் மேஸ்திரி. எதைக் கொடுத்தாலும் முதலில் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். தோல், துணி, எங்கள் நெற்றி, எல்லாம். கொடியையும் அப்படித்தான் தடவினார்.

"செம கெட்டி. ஆனா பட்டை கைய கிழிச்சிரும்மா."

"கிழியட்டும்," என்றாள் அக்கா.

"ஏன் கிழியணும்? சுண்ணாம்புல ஊறவெச்சி, ஆவாரம்பட்டைத் தண்ணில போட்டு, புங்க எண்ண தடவனா எருமைத்தோலே துணி மாதிரி மடங்குது. கொடி மடங்காதா? எங்கிட்ட உடு."

பெரியவர்களில் எங்கள் பக்கம் நின்ற ஒரே ஆள் அவர். எப்படி மறுப்பது? வளையாமல் அடம்பிடித்த தடிமுனையை மட்டும் வெட்டிப் போட்டார். அதை அம்மா முருங்கை மரத்துக்கும் குளியல் தடுப்புக்கும் நடுவில் கட்டித் துணி காயப்போட வைத்துக்கொண்டாள். மற்றதைச் சைக்கிள் கேரியரில் சுருட்டிக் கட்டி அப்பா டேனரிக்குக் கொண்டுபோனார். அங்கே முதலாளி பாய் பார்த்துவிட்டு, "இன்னா மேஸ்திரி, வால் மட்டும் வந்துக்குது? மிருகம் எங்க?" என்று கேட்டாராம். அப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

முடி போக ஆட்டுத்தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியில் அது கிடந்தது. அப்புறம் பட்டைத் தண்ணீரில். போகிக்கு முன்னால் திரும்பி வந்தது. நீங்கள் எல்லாரும் வந்து தடவிப் பார்த்தீர்கள், மறந்துவிட்டதா? தேன் நிறம். புதுச் செருப்பு வாசனை. கழுத்தில் சுற்றினால் துண்டு மாதிரி உட்கார்ந்தது. வாத்தியார் மகள் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "உங்கப்பா மந்திரவாதிடீ," என்றாள். அப்பா முகத்தை அப்போது பார்க்க வேண்டுமே!

காணும் பொங்கல். கரை கொள்ளாத கூட்டம். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை, சிரிக்க வந்தவர்கள். டீக்கடைக்காரர் விசிலை வாயில் வைத்தார். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றோம். எங்கள் தெருவில் கடைசி ஆள் நான்.

விசில். இழுத்தோம்.

மெத்தென்று இருந்தது. கை வலிக்கவேயில்லை. ஒரு அடி அவர்கள் வந்தார்கள். ஒரு அடி நாங்கள் போனோம். அப்புறம் ஒரு சத்தம். கோணி கிழிகிற மாதிரி. அடுத்த நொடி வானம் தெரிந்தது. எல்லாரும் மல்லாக்க விழுந்து கிடந்தோம். எங்கள் கையில் பாதி, அவர்கள் கையில் பாதி.

ஏரிக்கரையே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"நான் சொல்லல? பொம்பளைங்க தொட்ட கயிறு! போங்க, போய் கரும்பு தின்னுங்க. ஆம்பளைங்க எல்லாம் எறங்குங்கப்பா!" என்றார் டீக்கடைக்காரர்.

பெண்களுக்கு வலு கிடையாது என்றார்கள். பெண்கள் இழுத்தால் கயிறு அறுந்துவிடும் என்றும் அவர்களே சொன்னார்கள். வலு இல்லாதவள் இழுத்தால் கயிறு எப்படிடா அறும்? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

அப்பா மைதானத்துக்குள் இறங்கி வந்தார். அறுந்த முனையை எடுத்து விரலால் நசுக்கினார். வேகவைத்த கிழங்கு மாதிரி நார் நாராக உதிர்ந்தது. கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார், "சுண்ணாம்பு தின்னுட்டுது. தப்பு என்னுது. புள்ளைங்க மேல இல்ல."

"மேஸ்திரி, பொண்ணுக்கு சப்போர்ட்டா?" என்று ஒருத்தன் கத்தினான். அதற்கும் சிரித்தார்கள்.

நான் அக்காவைத் தேடினேன். காணவில்லை. அழப் போய்விட்டாள் என்று நினைத்தேன். என் அக்காவை நானே தப்பாக நினைத்தேன்.

தெருமுனையிலிருந்து ஓடிவந்தாள். தோளில் அந்தத் தடிமுனை. துணிக்கொடி. அதில் அம்மாவின் ஈரப் புடவை பாதி சுற்றிக்கொண்டு மண்ணில் புரண்டு வந்தது. பின்னாலேயே அம்மா.

"அடியே! என் பொடவடீ! பாழாப்போனவளே, பொடவைய உட்டுட்டுப் போடீ!"

அக்கா புடவையை உருவி அம்மாமேல் போட்டாள். கொடியை நடுக்கோட்டில் போட்டாள். டீக்கடைக்காரரைப் பார்த்தாள். "கயிறு நாங்க கொண்டாந்தா இழுக்கலாம்னு சொன்னீங்க. தோ கயிறு."

அவர் விசிலை ஊதவில்லை. வாத்தியார் மகள் வந்து கோட்டுக்கு அந்தப்பக்கம் பிடித்தாள். அக்கா இந்தப்பக்கம் பிடித்தாள். கொடி குட்டை. பக்கத்துக்கு நாலு பேர்தான் நிற்க முடிந்தது. எங்கள் பக்கத்துக் கடைசி நுனியை நான் பிடித்தேன். "இழு!" என்று வாத்தியார் மகளே கத்தினாள்.

அப்பா சொன்னது சரிதான். பட்டை கிழித்தது. கொடி முறுக்கிக்கொண்டு உள்ளங்கைக்குள் திரும்பியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் கொடி விட்டுக்கொடுக்கவில்லை. துணி ஈரத்திலேயே இருந்த கொடி, காட்டில் இருந்த மாதிரியே உயிரோடு இருந்தது. அக்காவும் வாத்தியார் மகளும் முகத்துக்கு முகம், பல்லைக் கடித்துக்கொண்டு. அசைவே இல்லை. சிரிப்பு நின்றது. அப்புறம் எங்கேயோ ஒரு குரல், "உடாத பாப்பா!" என்றது. அப்புறம் கரை முழுக்கக் கத்தல். எங்கள் தெரு ஆண்கள் எங்களுக்கு. மேல் தெரு ஆண்கள் அவர்களுக்கு. எந்தத் தெரு என்பது மட்டும் அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. பொண்ணு என்பது மறந்துபோயிற்று. டீக்கடைக்காரர் பெஞ்சுமேல் ஏறி நின்று, "மேல் தெரு, காலை ஊணுங்கடீ!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஆமாம், அதே ஆள்தான்.

தோற்றோம். சொல்வதற்கு என்ன. என் கால்தான் முதலில் சறுக்கியது. வாத்தியார் மகள் எங்களைக் கோட்டுக்கு அந்தப்பக்கம் தரதரவென்று இழுத்துப்போட்டாள். போட்டுவிட்டு அவளே வந்து அக்காவைத் தூக்கினாள். இரண்டு பேர் கையிலும் ரத்தம். தோற்றவள் மாதிரி ஒருத்தியும் இல்லை. குதித்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து அம்மா மஞ்சள் தண்ணீரில் கையைக் கழுவினாள், திட்டிக்கொண்டே. அப்பா புங்க எண்ணெய்ப் புட்டியை எடுத்தார். எங்கள் கையைப் பார்த்தார். புட்டியைத் திரும்ப வைத்துவிட்டார். கொடியைக் கெடுத்ததற்காக அப்போது எனக்கு அவர்மேல் கோபம். இப்போது வேறு மாதிரி தெரிகிறது. முரடான எதைப் பார்த்தாலும் பதமாக்கிவிட வேண்டும் அவருக்கு. அதுதான் அவர் தொழில், அதுதான் அவர் பாசம். நம்மைக் கெடுத்தவர்களில் பாதிப் பேர் நம் கை வலிக்கக் கூடாது என்று நினைத்தவர்கள்தான்.

அதற்கப்புறம் நாலைந்து வருஷம் இழுத்தோம். ஒவ்வொருத்தியாகக் கல்யாணம் ஆகிப் போனோம். அடுத்து வந்த பெண்களை இழுக்க விடவில்லை. விடவில்லை என்பதற்காக நடக்கவே இல்லை என்று ஆகிவிடுமா? பேனரைக் காட்பாடியில் இருக்கிற அக்காவுக்கு அனுப்பினேன். கோபப்படுவாள் என்று பார்த்தேன். போனில் சிரித்தாள். "அந்த ரெண்டாவது வருசம் டீக்கடக்காரர் மூஞ்ச மறந்துட்டியாடீ?" என்றாள்.

மறப்பேனா?

அடுத்த வருஷக் காணும் பொங்கல். அதே கரை, அதே கூட்டம். டீக்கடைக்காரர் பரண்மேல் இருந்த அந்த நார்க் கயிற்றைத் தோளில் சுமந்துவந்து அவரே எங்கள் முன்னால் கீழே போட்டார். எல்லாரும் கேட்கச் சொன்னார், "இந்தாங்கம்மா. இந்த வருசம் நம்ம கயித்துலயே இழுங்க. எதுக்கு மலைக்கெல்லாம் போய் பேஜாரு?"

கரைமேலிருந்து நம் பெண்கள் புதுக்கொடியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பச்சைக்கொடி, சுண்ணாம்பு படாதது. முன்முனையை அப்பா பிடித்திருந்தார்.

அக்கா கீழே கிடந்த நார்க் கயிற்றைத் தாண்டாமல், அதை ஓரமாகச் சுற்றி நடந்து வந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"வேணாண்ணா," என்றாள். "ஆம்பளைங்க தாண்டின கயிறு எங்களுக்கு ஆவாது. அறுந்துரும்."